தண்ணீர் படாத கைக்குட்டை

ஒன்பது நாளாக மழை விடவில்லை. சலவைக்காரர் வீட்டு மாடியில் குடியிருப்பவனுக்கு மழை என்றால் என்ன என்பது மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். கீழே காய வேண்டிய துணியெல்லாம் மேலே வந்துவிடும். என் கட்டிலுக்கு மேலே நான்கு கொடி, மேசைக்கு மேலே இரண்டு. மாளிகைக்காரர்களின் உள்பாவாடைகளையும் தலையணை உறைகளையும் விலக்கிக்கொண்டுதான் நான் முகம் கழுவப் போக வேண்டும். அந்த மாளிகைக்குள் ஒரு தரம் கால் வைத்துவிட மாட்டோமா என்று ஊரில் எத்தனையோ பேர் ஏங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ மாளிகை தலைமேலேயே சொட்டிக்கொண்டிருந்தது.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். அடுத்தவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடித்தே வயிறு வளர்ப்பவன். யாரையும் சுலபத்தில் மெச்சிவிட மாட்டேன். கீழ்வீட்டு அக்காவை மட்டும் மெச்சுவேன். நான் குடிவந்த முதல் வருஷம் காய்ச்சலில் பதினைந்து நாள் கிடந்தேன். அக்கா தன் வேலைக்கு நடுவில் படியேறி வந்து, இஸ்திரிப் பெட்டியின் சூடு ஆறாத போர்வையை என் காலடியில் மடித்து வைத்துவிட்டுப் போவாள். வாயால் ஒரு வார்த்தை விசாரித்ததில்லை. அந்தச் சூடு இன்னும் என் பாதத்தில் இருக்கிறது. அதைச் சொல்லி நான் ஒரு நாளும் நன்றி தெரிவித்ததில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தெருவில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அறுபது வயதுக் கரிக்கடைக்காரர்கூட "அக்கா, ரெண்டு மூட்டை போதுமா?" என்றுதான் கேட்பார். மாளிகையில் மட்டும் அவள் பெயர் இஸ்திரிக்காரி. அவள் கணவருக்கு நீலக்கையர் என்று பட்டப்பெயர். முப்பது வருஷமாக வெள்ளைத் துணிக்கு நீலம் போட்டுப் போட்டு அவருடைய நகக்கண்கள் நீலமாகவே நின்றுவிட்டன. வெள்ளாவி வைப்பதும் துவைப்பதும் அவர் வேலை. கஞ்சி போடுவதும் தேய்ப்பதும் மடிப்பதும் அக்காவின் வேலை.

வாரத்துக்கு நூறு உருப்படி வந்தால் எண்பது மாளிகையுடையது, பத்துப் பன்னிரண்டு கையுறைக்காரருடையது. கையுறைக்காரர் மாளிகைக்கு அடிக்கடி விருந்துக்கு வரும் பெரிய இடத்துப் பிள்ளை. வெயிலிலும் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு போவார்.

"ஒரு துரும்பைக்கூட நகர்த்தாத மனுஷன். கையுறை மட்டும் எப்படித்தான் இவ்வளவு அழுக்காகுதோ" என்பார் நீலக்கையர்.

எந்தத் துணி யாருடையது என்பதற்கு மூலையில் ஒரு நூல் தையல் உண்டு. கையுறைக்காரருக்குப் பச்சை. மாளிகையில் எஜமானின் தங்கை, புருஷனை இழந்து அண்ணன் வீட்டோடு வந்துவிட்ட அத்தையம்மாவுக்கு ஊதா. எஜமானின் ஒரே மகளுக்கு மஞ்சள். சிறு பிள்ளையில் பாப்பா என்று கூப்பிட்டார்கள். இருபது வயதானதும் மரியாதைக்கு ஒரு அம்மாவைச் சேர்த்துப் பாப்பாம்மா ஆக்கிவிட்டார்கள். அந்த வருஷம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இரண்டு மாதமாகப் பாப்பாம்மாவின் துணிகள் மூலையில் நூல் உருவப்பட்டு வருகின்றன என்று அக்கா அலுத்துக்கொண்டிருந்தாள். "எலி கடிச்ச மாதிரியும் இல்ல. யாரோ பொறுமையா உக்காந்து இழுத்திருக்காங்க. நான் வாராவாரம் திரும்பத் தைக்கிறேன்."

அக்கா வாழ்க்கைப்பட்டு வந்த இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு உருப்படி தொலைந்ததில்லை, ஒன்று வீடு மாறிப் போனதில்லை. அக்காவின் கர்வமெல்லாம் அதில்தான் இருந்தது.

ஆனால் அந்தத் தொழிலுக்கும் ஒரு கள்ளத்தனம் உண்டு. மழை நாளில் எதுவும் காயாது. அப்போது அழுக்கில்லாமல், மடிப்புக் கலையாமல் வந்த சிறு துணிகளைத் தண்ணீர் காட்டாமல் அப்படியே தேய்த்துக் கட்டிவிடுவார்கள். கைக்குட்டை, மேசை விரிப்பு இப்படி. யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். மாடியில் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அச்சகத்தில் தாள் நனைந்துவிட்டதால் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டேன். சட்டையைக் கழற்றுவதற்குள் கீழேயிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"தம்பி, கொஞ்சம் கீழ வாங்களேன். என் தலையில நானே கல்லைத் தூக்கிப் போட்டுக்கிட்டேன்."

இறங்கிப் போனேன். தேய்க்கும் அறையில் கரி கனன்றுகொண்டிருந்தது. கஞ்சி வாசனையும் ஈரத் துணி வாசனையும் முகத்தில் அடித்தன. பலகைமேல் ஆண்பிள்ளைகள் வைத்துக்கொள்ளும் பெரிய கைக்குட்டை ஒன்று கிடந்தது. பாதிக்குமேல் பழுப்பாகக் கோடுகோடாக இருந்தது.

"அத்தையம்மா மூட்டையில வந்துச்சு. புதுசு மாதிரி இருந்துச்சு. இவர்கிட்ட சொன்னா தொட்டியில போடுன்னு சொல்வாரு, அப்புறம் மூணு நாள் காயாது. அப்படியே பெட்டியை வச்சேன். கருகிடுச்சு. இத்தனை வருஷத்துல நான் ஒரு நூலைக் கருக்கினதில்ல தம்பி."

நான் குனிந்து பார்த்தேன். எழுத்தோடு பழகிய கண்.

"அக்கா, இது கருகல் இல்ல. எழுத்து."

"துணியிலயா?"

"எலுமிச்சம்பழச் சாறுல எழுதியிருக்காங்க. காஞ்சா கண்ணுக்குத் தெரியாது. சூடு பட்டா வெளிய வரும். மிச்சத்தையும் தேய்ங்க."

"இன்னும் கருக்கச் சொல்றீங்களா? நல்லா இருக்கே உங்க நியாயம்." ஆனாலும் பெட்டியை எடுத்தாள். அதற்குமுன் கைக்குட்டையின் மூலையைத் திருப்பிப் பார்த்து நின்றாள். "பச்சை நூலு. இது அத்தையம்மாவோடது இல்ல. கையுறைக்காரரோடது. ஊதா மூட்டையில எப்படி வந்துச்சு?"

பெட்டி நகர நகர எழுத்து வந்தது. பொடி எழுத்து, நேர் வரிசை. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது, நான் படித்தேன்.

"தோழிக்கு. நீங்கள் கேட்டதை முடித்துவிட்டேன். உங்கள் அண்ணன் மகள் வருகிறாள். வெள்ளிக்கிழமை விடியும்போது, தோட்டத்துப் பின்கதவு. நான் அவளைக் கைப்பிடிக்கப் போவதாக நம்புகிறாள். ஆற்றுப் பாலத்து விடுதிவரை என் வண்டியில் கூட்டிப்போய் உட்காரவைத்துவிட்டு, குதிரை மாற்றி வருவதாகச் சொல்லி நான் திரும்பிவிடுவேன். பத்து மணிக்குள் அவளை அங்கே நாலு பேர் பார்க்கும்படி செய்வது உங்கள் பொறுப்பு. முன்பு உங்களை வேண்டாமென்று சொன்ன அந்த மாப்பிள்ளை, அதற்குப் பிறகு இந்த வீட்டுப் பெண்ணை எப்படிக் கட்டுகிறார் என்று பார்க்கலாம். அவளுடைய கடிதங்கள்தான் உயிரை வாங்குகின்றன. இப்போதெல்லாம் பிரிப்பதுகூட இல்லை. என் வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். இனி உங்கள் வாக்கு."

ஒரு பிழைகூட இல்லை. அயோக்கியன்.

அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பிறகு சுவரோரம் இருந்த தகர டப்பாவை எடுத்தாள். துவைக்குமுன் பைகளைத் துழாவுவது அந்த வீட்டு வழக்கம். கிடைத்ததெல்லாம் டப்பாவுக்குப் போகும், உருப்படிகளோடு உரியவர்களிடம் திரும்பப் போகும். டப்பாவிலிருந்து மூன்று உறைகளை எடுத்துப் பலகையில் வைத்தாள். மூன்றும் அரக்கு உடையாதவை. ஒவ்வொன்றும் மஞ்சள் நூலால் கட்டியிருந்தது.

"கையுறைக்காரரோட கோட்டுல இருந்துச்சு. பைக்குள்ள சுருட்டுத் தூளோட கெடந்துச்சு. நான்தான் தட்டி வச்சேன்." நூலைத் தடவினாள். "என் நூலு தம்பி இது. நான் தைச்ச குறி நூலு. கடிதாசி கட்டறதுக்குத்தான் உருவியிருக்கு அந்தப் பொண்ணு. வேற நூலா கெடைக்கல அந்த மாளிகையில?"

கிடைத்திருக்கும். ஆனால் கேட்க வேண்டும். கேட்டால் எதற்கென்று கேட்பார்கள். அத்தனை பெரிய வீட்டில் அந்தப் பெண் யாரையும் கேட்காமல் எடுக்க முடிந்தது அந்த ஒரு முழ நூல்தான்.

"பிரிக்கவே இல்லியே" என்றாள் அக்கா. கடிதத்தில் எழுதியிருந்த சூழ்ச்சியைவிட அதுதான் அவளை உலுக்கியது.

நீலக்கையர் பின்கட்டிலிருந்து ஈரக்கையோடு வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்ததும் முதலில் அடுப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நாம எதையும் பாக்கல" என்றார்.

"பாத்தாச்சே."

"பாத்ததை மறந்துடு. பெரிய எடத்து விவகாரம். நடுவுல போய் மூக்கை நுழைச்சா மூக்குதான் போகும். நூத்துல எண்பது அந்த வீட்டுத் துணி. அது போனா நீ எதைத் தேய்ப்பே, என் முதுகையா?"

"வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணு விடுதியில உக்காந்திருக்கும். வருவான் வருவான்னு வாசலையே பாத்துக்கிட்டு."

"அதுக்கு?"

"நீலம் சொட்டின உடுப்பு ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

நீலக்கையர் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டார். எனக்காக அக்கா சொன்னாள். எட்டு வருஷத்துக்கு முந்தி. பாப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. பிறந்தநாளுக்குத் தைத்த வெள்ளை உடுப்பில் நீலக்கையரின் கையிலிருந்து நீலக் கரைசல் சொட்டிவிட்டது. மார்புக்கு நேராக, கட்டைவிரல் அகலத்துக்கு. என்ன செய்தும் போகவில்லை. மாளிகை மேலாளர் அதைத் தூக்கிப் பிடித்து, இன்றோடு உங்கள் வேலை முடிந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தை படியிறங்கி வந்து, "அது மை. நான்தான் கொட்டினேன்" என்றது. துவைத்து வந்த துணியில் மை எப்போது கொட்டினாய் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஒரு வாரம் அதை வெளியே விளையாட விடவில்லையாம்.

"அந்தப் பொய்லதான் இத்தனை வருஷம் நாம சாப்பிட்டுக்கிட்டிருக்கோம்" என்றாள் அக்கா. "ஒரு நாள் நின்னு நன்றி சொன்னோமா? சொல்லத்தான் நமக்கு அங்க எடம் இருக்கா? மூட்டையை எறக்கு, எண்ணு, போ. அவ்வளவுதான்."

"மொட்டைக் கடிதாசி ஒண்ணு எழுதிப் போடலாமா?" என்று நான் கேட்டேன். கேட்ட பிறகுதான் எழுதப்போவது நான்தான் என்பது உறைத்தது.

"மொட்டைக் கடிதாசியை யாரு நம்புவா? இந்தக் கைக்குட்டையும் இந்த மூணு உறையும் அது கையில போய்ச் சேரணும். அது போதும். நாம ஒண்ணும் சொல்ல வேணாம்."

"பச்சை நூலைக் கொண்டுபோய் மஞ்சள் மூட்டையில வைக்கப்போறியா?" நீலக்கையர் நிமிர்ந்தார். "நீயா? வீடு மாத்தியா?"

"ஆமா" என்றாள் அக்கா. அவள் கண் கலங்கியதை அப்போதுதான் பார்த்தேன்.

அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ரொட்டியும் உருளைக்கிழங்குக் குழம்பும் ஆறிப்போய்க் கிடந்தன.

புதன்கிழமை காலை அத்தையம்மாவின் பணிப்பெண் குடையும் கையுமாக வந்து நின்றாள். நான் அச்சகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன் படியிலேயே நின்றுவிட்டேன்.

"பச்சை நூல் போட்ட கைக்குட்டை ஒண்ணு தவறி உங்க மூட்டைக்கு வந்துடுச்சாம். நான்தான் அழுக்குக் கூடையில போட்டுட்டேன்னு எனக்கு நேத்துலேர்ந்து அர்ச்சனை நடக்குது. துவைக்காம இருந்தா அப்படியே வாங்கிட்டு வரணுமாம். துவைச்சிருந்தா பரவாயில்லையாம்."

"துவைக்காம வேணுமா? அதென்ன அதிசயம்?"

"பெரிய எடத்துல எது அதிசயம் இல்ல, சொல்லுங்க."

அக்கா அசையவில்லை. "தொட்டியில போட்டு ரெண்டு நாளாச்சேம்மா. எந்த உருப்படியா இருந்தாலும் தண்ணி காட்டாம நாங்க பெட்டியை வைக்கிறதே இல்ல."

படியில் நின்ற எனக்குப் புரை ஏறியது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொட்டியில் கையை விட்டாள். கையுறைக்காரரின் மூட்டையிலிருந்து ஊறப்போட்ட வேறொரு கைக்குட்டையை எடுத்து, சொட்டச் சொட்டப் பிழிந்து கொடுத்தாள். மூலையில் பச்சை நூல் இருந்தது. பணிப்பெண் அதை இரண்டு விரலால் வாங்கிக்கொண்டு போனாள். அத்தையம்மா அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டிருப்பாள்.

வியாழக்கிழமை மழை விட்டது. அன்றுதான் மாளிகைக்கு மூட்டை போகும் நாள். அந்த வாரத்தில் பாப்பாம்மாவின் வெள்ளைப் பட்டு உடுப்பு ஒன்று இருந்தது, முன்பக்கம் நாற்பது மடிப்பு. வெள்ளிக்கிழமைக்குக் கட்டாயம் வேண்டும் என்று துணியோடு ஒரு சீட்டு வந்திருந்தது. எதற்கென்று இப்போது எங்களுக்குத் தெரிந்தது.

"உடுப்பைக் கொடுக்காம விட்டுட்டா? போட்டுக்க ஒண்ணும் இல்லாம வீட்டோட இருந்துடாதா?" என்றார் நீலக்கையர்.

"போற பொண்ணு போர்வையைச் சுத்திக்கிட்டாவது போகும்" என்றாள் அக்கா.

இரண்டு மணி நேரம் அந்த நாற்பது மடிப்பையும் தேய்த்தாள். விரலில் தண்ணீர் தொட்டு, ஒவ்வொரு மடிப்பாக நகத்தால் நேராக்கி, மேலே மெல்லிய துணியைப் போட்டுப் பெட்டியை வைத்தாள். அவ்வளவு நன்றாக அவள் தேய்த்து நான் பார்த்ததில்லை. முடித்ததும் உடுப்பைத் திருப்பி, உள்பக்கம் நெஞ்சுக்கு நேராகக் கைக்குட்டையையும் மூன்று உறைகளையும் தட்டையாக வைத்து நான்கு தையல் போட்டாள். மஞ்சள் நூலில்.

நீலக்கையர் வண்டி தள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டார். முதுகு பிடித்துக்கொண்டதாம். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு தள்ளினேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. காலடியில் வைத்த போர்வைதான் கூப்பிட்டது.

மாளிகையின் பின்பக்கத்து அறையில் நீளமான மேசை. மேலாளர் எண்ண, அக்கா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். வெள்ளை உடுப்பு மேலே வரும் நேரம் பார்த்து அத்தையம்மா உள்ளே வந்தாள். நாற்பது வயதிருக்கும். அழகான முகம், அதை மறுப்பதற்கில்லை. நேராக வந்து உடுப்பைத் தோளில் பிடித்துத் தூக்கினாள்.

"இவ்வளவு சிரத்தையா தேய்ச்சிருக்கியே. என் துணிக்கெல்லாம் இப்படி ஒரு நாள் தேய்ச்சதில்லையே, இஸ்திரிக்காரி."

"பட்டு அப்படிங்கம்மா. நல்ல துணி, பெட்டிக்கு நல்லா வளையும்."

அத்தையம்மாவின் விரல் மார்புப் பக்கம் மடிப்புகளை ஒவ்வொன்றாக வருடிக்கொண்டு வந்தது. இன்னும் மூன்று மடிப்பு தாண்டினால் உறை தட்டுப்படும்.

"அத்தை, அது என்னோடது" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. பாப்பாம்மா. மெலிந்த பெண், தூங்காத கண். ஆனால் அந்தக் கண்ணில் அப்படி ஒரு மகிழ்ச்சி இருந்தது. அதைப் பார்க்கத்தான் முடியவில்லை. உடுப்பை வாங்கிக் கைமேல் போட்டுக்கொண்டாள்.

"பாப்பாம்மா" என்றாள் அக்கா. அந்த அறையில் அவளாக வாய் திறந்து நான் கேட்ட ஒரே தரம் அதுதான். "போட்டுக்கிறதுக்கு முந்தி உள்பக்கம் ஒரு தரம் பாத்துக்குங்க. ஊசி ஏதாச்சும் நின்னிருக்கும்."

"குத்துமா?"

"குத்தும் பாப்பாம்மா. போட்டுக்கிட்ட அப்புறம் குத்துறதைவிட இப்பவே குத்திட்டா நல்லது."

அந்தப் பெண் சிரித்தாள். உடுப்போடு படியேறிப் போனாள். நாங்கள் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தோம்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது அடுப்பு பற்றவைக்கவில்லை. நீலக்கையரைக் காணோம். வண்டியையும் காணோம். அக்கா வாசலில் நின்றாள், உள்ளே வந்தாள், மறுபடி போய் நின்றாள். வெயில் ஏறிய பிறகு அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"முதுகு பிடிச்சுக்கிச்சுன்னீங்க?"

"பிடிச்சுக்கிட்டுதான் இருக்கு. ராத்திரி ஈரம் வேற." தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். "தோட்டத்துப் பின்கதவுக்கு எதிர்த்தாப்புல வண்டியைப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒருவேளை அது உள்பக்கத்தைப் பாக்காம போட்டுக்கிட்டு வந்துட்டா? வந்தா வண்டியைக் குறுக்க விட்டுக் கவுத்துடலாம்னு இருந்தேன். குதிரை என் மேல ஏறினாலும் ஏறட்டும்னு."

"வந்துச்சா?"

"குதிரை வண்டி வந்துச்சு. சன்னல்ல ஒரு வெள்ளைக் கையுறை தாளம் போட்டுக்கிட்டே இருந்துச்சு. நல்லா விடிஞ்சுது. கதவு திறக்கல. அப்புறம் அந்தத் தாளம் நின்னுச்சு, வண்டி போயிடுச்சு." நீல விரல்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நன்றி சொல்ல எடம் இல்லன்னு சொன்னியே. அங்க கொஞ்சம் எடம் இருந்துச்சு, உக்காந்துட்டு வந்தேன்."

அக்கா உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அவருக்கு முட்டை அவித்துக் கொடுத்தாள். ஒன்றுக்கு இரண்டாக.

மாளிகையில் என்ன நடந்தது என்று எங்களிடம் யார் சொல்வார்கள்? துணிதான் சொன்னது. திங்கட்கிழமை மூட்டையில் வெள்ளை உடுப்பு இல்லை. பாப்பாம்மாவின் தலையணை உறைகள் நான்கு வந்தன, ஒரு பக்கம் விறைத்துப்போய். அக்கா அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு" என்றாள். அதற்கடுத்த வாரம் இரண்டு உறை. அதற்கடுத்த வாரம் ஒன்றுகூட விறைப்பில்லை. ஊதா நூல் வருவது அடியோடு நின்றுவிட்டது. அத்தையம்மா தூரத்து உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டதாகப் பிறகு கரிக்கடையில் பேசிக்கொண்டார்கள். கையுறைக்காரர் துணி போடுவதை நிறுத்திக்கொண்டார். பத்துப் பன்னிரண்டு உருப்படி போனது போனதுதான். மாளிகையில் அந்த வருஷம் கல்யாணமும் நடக்கவில்லை. நடந்திருந்தால் விரிப்பெல்லாம் இங்கேதான் வந்திருக்கும். ஆனால் மஞ்சள் நூலை யாரும் உருவவில்லை.

அக்கா ஒரு சபதம் எடுத்துக்கொண்டாள். இனி மழையானாலும் புயலானாலும் தண்ணீர் காட்டாமல் ஒரு உருப்படிமேலும் பெட்டி படாது. "என் திருட்டுத்தனத்துல ஒரு நல்லது நடந்துச்சு. ஒரு தரம் நடக்கும். ரெண்டாந்தரம் எதிர்பார்க்கக் கூடாது" என்றாள். என் தலைமேல் கொடி இரண்டு கூடியதுதான் மிச்சம்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலை நீலக்கையர் தொட்டியிலிருந்து கத்தினார்.

"என்னது இது, தண்ணியில எலுமிச்சம்பழ வாசனை அடிக்குது!"

அக்கா ஓடினாள். முழங்கைவரை விட்டுத் துழாவி எடுத்தாள். சிறிய பெண்பிள்ளைக் கைக்குட்டை, மூலையில் மஞ்சள் நூல். ஓடி வந்து பலகையில் போட்டுப் பெட்டியை வைத்தாள். ஆவிதான் வந்தது. இன்னொரு தரம் வைத்தாள். துணி வெள்ளை வெளேரென்று அவளைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

"எனக்கு எழுதியிருக்கு தம்பி. நான் கழுவிட்டேன்." அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். "யோக்கியமா இருந்தா இப்படித்தான்."

"என்ன எழுதியிருக்கும்னு தெரியாதா என்ன" என்று நான் சமாதானம் சொன்னேன்.

"தெரியும். இருந்தாலும்..." என்று நிறுத்திக்கொண்டாள்.

கைக்குட்டை தேய்த்து மடித்து வியாழக்கிழமை வெறுமையாகவே திரும்பிப் போனது. அடுத்த திங்கட்கிழமை அதே கைக்குட்டை வந்தது. இந்தத் தரம் மேலே ஒரு தாள் குண்டூசியால் குத்தியிருந்தது. படிக்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தாள்.

"இதைத் தண்ணீரில் போட வேண்டாம். தேய்த்தால் போதும்" என்று எழுதியிருந்தது.

நீலக்கையர் அடுப்படியிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நம்ம வண்டவாளம் மாளிகைவரைக்கும் போயிடுச்சு!"

அக்கா பெட்டியில் கரியை மாற்றினாள். சூடு அதிகமோ என்று புறங்கையில் வைத்துப் பார்த்தாள். மேல் விளிம்பில் மெதுவாக வைத்து எடுத்தாள். ஒரு வார்த்தை பழுப்பாக எழும்பி வந்தது.

"என்ன தம்பி அது? சொல்லுங்க."

"அக்கா" என்றேன்.

"என்னன்னு கேட்டா என்னைக் கூப்பிடறீங்களே?"

"அதான் எழுதியிருக்கு. 'அக்கா'ன்னு."

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள். நீலக்கையர் எழுந்து வந்து, "தள்ளு, தீஞ்சுடப் போவுது" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் பெட்டியைத் தொட்டது அன்றுதான். மிச்சத்தை அவர் தேய்க்க, நான் படித்தேன்.

"அக்கா, குத்தியது. இப்போது வலி இல்லை. நீலம் சொட்டிய அந்த உடுப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. எனக்கும் நன்றி சொல்ல இங்கே வேறு இடம் இல்லை."

இரண்டு தரம் படிக்கச் சொன்னாள். மூன்றாவது தரம் நானே படித்தேன். படித்து முடித்ததும் என் வாயில் இன்னொன்றும் வந்துவிட்டது. "அக்கா, அன்னைக்குக் காய்ச்சல்ல கெடந்தப்ப காலடியில போர்வை வைப்பீங்களே. அதுக்கு நான் ஒண்ணுமே சொன்னதில்ல."

"அதுக்கென்ன இப்ப? இருக்கிற சூடு வீணாப் போகுதேன்னு வச்சேன்" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மூட்டை கட்டும்போது உருப்படிச் சீட்டு எழுத என்னைக் கூப்பிட்டாள். மஞ்சள் நூல், விரிப்பு நான்கு, உறை நான்கு, உள்பாவாடை மூன்று என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

"கைக்குட்டை?" என்று கேட்டேன்.

அக்கா தகர டப்பாவை ஒரு தரம் பார்த்தாள். அதன் மூடிமேல் கையை வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு குறையுதுன்னு எழுதுங்க தம்பி. தொலைஞ்சு போச்சுன்னு எழுதுங்க."

எழுதினேன். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் தொலைந்த ஒரே உருப்படி அது. மாளிகையிலிருந்து இதுவரை யாரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.